கயிறு பிடித்த கூட்டாளி

கடலுக்கு அடியில் இறங்கும்போது, படகில் உங்கள் கயிற்றை யார் கையில் கொடுப்பீர்கள்?

திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். மனைவியுடன் பிறந்தவன் கையில்தான். அக்காள் தாலி என்பதால் அவன் கயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். கீழே மூச்சு முட்டினால் மூன்று இழுப்பு. மேலே இருப்பவன் உடனே தூக்க வேண்டும்.

இதை வைத்துத்தான் எங்கள் கார்ட்டூன் தொடரின் ஏழாவது எபிசோடை எழுதினேன். ஆறு எபிசோடாகக் கடலரசனும் மலையரசனும் போரிடுகிறார்கள். ஏழாவதில்தான் அவர்கள் முன்பு நண்பர்கள் என்று தெரிகிறது. மச்சானை ஒதுக்கிவிட்டு நண்பன் கையில் கயிற்றைக் கொடுத்து இறங்குகிறான் கடலரசன். நண்பன் தூக்கவில்லை.

கதையைச் சொன்னது மலையரசனுக்குக் குரல் கொடுக்கும் ஸ்டெபின். யாருக்கோ நடந்தது என்றார். கடலரசன் குரல் ஜேசுதாசனுடையது. இருவரும் வேறு வேறு நாளில்தான் பேச வருவார்கள். வேலை நேரம் ஒத்துவரவில்லை என்றார்கள், நம்பினேன். நான் இந்த ஊருக்கு வந்தே எட்டு மாதம்தான்.

இந்த முறை அரசர்கள் நேருக்கு நேர் பேச வேண்டும். இரண்டு பேரையும் ஒன்றாக வரச்சொன்னேன்.

ஜேசுதாசன் வழக்கம்போல இடது காலை இழுத்துக்கொண்டு ஒலிப்பதிவு அறைக்குள் வந்தார். நின்றபடியே தாளைப் படித்தார்.

"ஏளா விஜிலா, இத உனக்கு யாரு சொன்னா?"

நான் ஸ்டெபினைப் பார்த்தேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"கதைதான அண்ணே," என்றேன்.

"கதையா? எம்மச்சான் வாயில இன்னைக்கும் விழுந்து எந்திரிக்கேன். 'கூட்டாளிட்ட குடுத்தேல்லா, அவனையே கால அமுக்கிவிடச் சொல்லு'ங்கான்."

அந்தக் கால் எப்படிப் போனது, அன்று கயிறு யார் கையில் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பதிவை நிறுத்தப் போனேன்.

"அமத்தாத. ஓடட்டும்."

மைக்குக்குக் குனிந்து, அரசனின் குரலில் கேட்டார். "நண்பா, மூன்று முறை இழுத்தேன். ஏன் தூக்கவில்லை?"

'உன் கடல் எனக்கு வேண்டும்' என்பது நான் எழுதிய பதில். ஸ்டெபின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"கயித்த..."

"ராசா மாதிரி பேசுலே."

"பாறையில சிக்கிட்டுன்னு ஊர் பூரா சொன்னேன். சிக்கல மக்கா. படகுக் கட்டையில கட்டிப்போட்டுட்டு உறங்கிட்டேன்."

"உறங்கிட்டியா?"

"ஆமா."

ஜேசுதாசன் மைக்கை விட்டு நிமிர்ந்தார். "எம்மேல உனக்கு அப்படி என்ன வன்மம்னு பத்து வருசமா யோசிச்சிக்கிட்டுக் கெடக்கேன். ஒரு வன்மமும் இல்ல. உறங்கிருக்க!"

வெளியே போய்விட்டார். படியில் அவர் கால் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. ஸ்டெபின் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜேசுதாசன் வந்து, தன் மீதி வசனங்களைத் தனியாகப் பேசிக் கொடுத்தார். ஸ்டெபின் வரவில்லை. மலையரசனுக்கு வேறு ஆள் தேடினோம்.