பட்டைக்குக் கீழே ஒரு பொத்தான்

என் அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் ‘வெள்ளைத்தாள்’ என்று பெயர். திரையில் எதுவுமே இருக்கக் கூடாது அவருக்கு. ஒரு பொத்தானைக் கண்டால் போதும், மூட்டைப்பூச்சியைக் கண்ட மாதிரி நசுக்கப் பார்ப்பார். நாங்கள் செய்வது போனில் இணையப் பக்கங்களைத் திறக்கும் பிரவுசர். அதன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் அவர். அதை எல்லா வகைப் போனிலும் போட்டுப் பார்த்துக் குறை சொல்கிறவள் நான். குறை சொல்லத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் சம்பளமில்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் குடியிருப்பது அவர் வீட்டு மாடி அறையில்.

வீடும் வெள்ளைத்தாள்தான். சமையலறை அலமாரிகளுக்குக் கைப்பிடி கிடையாது. கதவில் எங்கோ ஓர் இடத்தை அமுக்கினால் திறக்கும், அது எந்த இடம் என்று அவருக்குத்தான் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அக்கா உப்பு டப்பாவுக்காகச் சுவரைத் தட்டிக்கொண்டு நிற்பாள். அவர் வந்து ஒற்றை விரலால் திறந்துவிட்டு, “எத்தனை தடவை சொல்றது?” என்பார். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே கண் மங்கல், கண்ணாடியும் தடிமன். அவர் அதைக் கவனக்குறைவு என்றே சொல்லிவந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் பிரவுசருக்குப் புது முகம் வந்தது. எல்லா போனிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். முகவரி எழுதும் பட்டையைத் தலையிலிருந்து பிடுங்கிக் காலடியில் போட்டார். ஒரு வகைப் போனில் பக்கத்தை நகர்த்தினால் அந்தப் பட்டை மடங்கி வழிவிடும். இன்னொரு வகையில் நகராமல் உட்கார்ந்து பக்கத்தின் கடைசிப் பகுதியை மறைக்கும். மேலே இழுத்துப் பார்க்கலாமென்றால், நாம் வெளியே போகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு போன் பிரவுசரையே மூடிவிடும். சாதாரண எழுத்து அளவில் இது தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் நீண்டு, கடைசியில் இருக்கும் பொத்தான் பட்டைக்கு அடியில் போய்விடும். எங்கள் சோதனை அலமாரியில் இருக்கும் அத்தனை போனிலும் எழுத்து கடையிலிருந்து வந்த அளவில்தான் இருக்கிறது. மாற்றிப் பார்த்தவள் நான் ஒருத்தி.

எழுதிக் கொடுத்தேன். அவர் அதன் கீழே ஒரே வரி எழுதி மூடிவிட்டார்: ‘இது குறை அல்ல, பயனரின் பழக்கம்.’ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். கூட்டத்தில் கேட்டபோது, அவ்வளவு பெரிய எழுத்தை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று சிரித்தார். உங்கள் பெண்டாட்டிதான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாடி அறை நினைவுக்கு வரவும் விழுங்கிக்கொண்டேன்.

அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்கு இடமாற்றம் வந்திருந்தது. காலியான இரண்டு இடங்களில் ஒன்றை அவளே போனில் தேர்ந்தெடுத்து, அந்தச் சனிக்கிழமை மதியத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். ஒன்று அடுத்த தெருப் பள்ளி. இன்னொன்று ரயிலில் ஒரு நாள் தூரத்தில் கடலோர ஊர், தங்க வீடும் சேர்த்து. அடுத்த தெருதான் என்று அவர் முடிவுசெய்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியும் ஆகிவிட்டது. சனிக்கிழமை காலையில் துணி காயப்போடும்போது அக்கா என் காதோரம் சொன்னாள்.

“நான் கடலோர ஊரைத்தான் எடுக்கப்போறேன். மூச்சு முட்டுதுடி.”

எடு, ராசாத்தி மாதிரி போ என்றேன். சந்தோஷத்தில் என் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனால் போனில் அவர் போட்டுக்கொடுத்த பிரவுசர்தான் இருந்தது. வேறொன்றைப் போட்டால் வீட்டில் பிரளயம். அக்கா இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். உறுதி செய்யும் பொத்தானைக் காணோம். மேலே இழுத்தாள், பிரவுசர் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் நிரப்பி, மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் மூடிக்கொண்டது. மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறையும் நிரப்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பி, “பட்டனைக் காணோமே” என்றாள். குரல் உடைந்துவிட்டது. எனக்கு வழி தெரியும். எழுந்தேன்.

அதற்குள் உள்ளறையிலிருந்து அவர் வந்துவிட்டார். தன் பிரவுசரைக் குறை சொன்னால் அவர் பாம்பு மாதிரி படமெடுப்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். திரையின் நடுவில் அந்த ஊரின் பெயர் கொட்டை எழுத்தில் கிடந்தது.

அவர் அதைப் படிக்கவில்லை. திரையில் உள்ள எழுத்தை யாரும் படிப்பதில்லை என்று அலுவலகத்தில் பாடம் நடத்துகிறவர், தானும் படிக்கவில்லை. எழுத்தின் அளவைச் சிறிதாக்கினார். பக்கம் சுருங்கியது, பொத்தான் தலைகாட்டியது. அதைத் தானே அமுக்கினார்.

“பாத்தியா, இங்கதான் இருக்கு. எங்க போச்சு? கண்ணைத் திறந்து பாக்கணும்.”

அடுத்த நிமிஷம் குறுஞ்செய்தி வந்தது. கடலோர ஊர், உறுதி செய்யப்பட்டது. அதை மட்டும் படித்தார்.

அவர் போட்ட கூச்சலை இங்கே எழுத மாட்டேன். ஏமாற்றுக்காரி என்றார், என்னைக் கூட்டுக்களவாணி என்றார். அமுக்கியது நீங்கள்தானே என்று அக்கா மெதுவாகச் சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. உடனே கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த அம்மாள், உறுதி செய்ததை மாற்ற முடியாது என்றாள். பிரவுசரில் கோளாறு இருந்து பக்கம் மறைந்தது என்று அதைச் செய்த கம்பெனி எழுதிக் கொடுத்தால், மறுபடி தேர்ந்தெடுக்க இன்றைக்குள் ஒரு முறை பக்கத்தைத் திறந்துவிடுவார்களாம். கம்பெனி என்றால் அவர்தான். அவர் கையெழுத்தே போதும்.

அவர் போனை வைத்தார். பிறகு அக்கா சொன்னாள்.

“எழுதிக் குடுங்க. உங்க பட்டை பட்டனை மறைச்சுதுன்னு ஒரே ஒரு வரி. தப்பு உங்க மேலன்னு ஒரு தடவை சொல்லுங்க, நான் அடுத்த தெருவுலயே இருந்துடறேன்.”

அவளை அறையலாம் போல இருந்தது எனக்கு. தானாகத் திறந்த கதவைத் தானே சாத்துகிறாளே, அசடு! ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே இருந்துவிடுவாள்.

அவர் போனை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார், எழுதினார். வியர்த்துக் கொட்டியது. நான் எழுதிய குறையையும் அவர் அதன் கீழே எழுதிய ஒற்றை வரியையும் நினைத்திருப்பார். கடைசியில், அனுப்பும் முன் பார்த்துக்கொள் என்று போனை அவளிடம் நீட்டினார்.

அக்கா இரண்டு விரலை வைத்து எழுத்தைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். நானும் அவள் தோளுக்கு மேலாகப் படித்தேன். ‘எங்கள் பிரவுசரில் கோளாறு ஏதும் இல்லை. பயனர் எழுத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கி வைத்திருந்ததால், பக்கத்தின் ஒரு பகுதியைப் பார்க்கத் தவறினார்.’

“அந்தப் பயனர் நான்தானே?” என்றாள்.

பொதுவாக எழுதுகிற முறை அது என்றார் அவர்.

அக்கா போனை அவர் மடியில் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள். பெட்டிகள் அங்கே அலமாரியில் இருக்கின்றன. அதற்கும் கைப்பிடி கிடையாது. அவள் கதவை மேலும் கீழுமாகத் தடவித் தட்டுவது கூடம் வரை கேட்டது. நான் நகரவில்லை.

“என்னங்க, இது எங்க அமுக்கணும்?”

அவர் எழுந்து போனார். ஒற்றை விரலால் ஓர் இடத்தை அமுக்கினார். கதவு திறந்தது.

“இங்க. எத்தனை தடவை சொல்றது?” என்றார்.

அக்கா பெட்டியை இறக்கினாள்.