கருகினால் கம்பளி

ஸ்வெட்டர் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு அக்கா துழாவிக்கொண்டிருந்தாள். நான் கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். பூட்ஸ் வரிசை வரை போவேன், திரும்புவேன். தண்ணீர்க் குடுவைகள் தொங்கும் கம்பி வரை வருவேன், திரும்புவேன்.

"ஒரு இடத்துல நிக்கிறியா? எனக்குத் தலை சுத்துது," என்றாள் அக்கா.

"நடக்கட்டும்மா, தரை தேஞ்சா நான் பாத்துக்கறேன்," என்றார் கடைக்காரர். ராணுவத்தில் கழித்துப் போட்ட சாமான்களை மூட்டை மூட்டையாக எடுத்து விற்பவர். அவர் உட்கார்ந்திருந்ததே ஒரு தோட்டாப் பெட்டியின் மேல்தான். காலிப் பெட்டி.

மறுநாள் விடிந்ததும் வேன் வரும். மலைமேல் குழாய் பதிக்கிற இடத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன். அக்கா புருஷன் அங்கே வெல்டர். தனக்கு உதவியாள் வேலைக்கு என்னைச் சொல்லி வைத்திருந்தார். இந்த வேனை விட்டால் குளிர்காலம் முடிகிற வரை புது ஆள் எடுக்க மாட்டார்கள். அதுவரை அக்கா வீட்டு சோபாவில்தான் கிடக்க வேண்டும். சோபாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகாமல் ரொம்ப நாளாகிவிட்டது.

அதற்கு முன் பார்சல் பிரிக்கிற கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். ஒருநாள் பாதி ஷிஃப்டில் கையுறையைக் கழற்றி, பார்சல் ஓடுகிற பெல்ட் ஓரமாக வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை. ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன். வேலை போனதே தவிர, ஷிஃப்ட் என் உடம்பை விட்டுப் போகவில்லை. ஊரே தூங்கும்போது கால் தானாக எழுந்து நடக்கும், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. கீழ் வீட்டுக்காரி ஒருமுறை மேலே ஏறி வந்து, "வீட்டுக்குள்ள எருமை வளக்குறீங்களா?" என்று கேட்டாள். அக்கா எனக்காகச் சண்டைக்குப் போவாள் என்று பார்த்தேன். "ஆமா, தீனி போட்டு மாளல," என்றாள்.

அத்தான் ஃபோனில் கறாராகச் சொல்லியிருந்தார். "மச்சான், உன் வேலை ஒண்ணே ஒண்ணுதான். நான் வெல்டு வச்சு முடிக்கிற வரைக்கும் பைப்ப ஆடாம பிடிக்கணும். முடியுமா?"

"முடியும் அத்தான்."

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"அப்புறம் ஸ்வெட்டர். சுத்தமான கம்பளியா இருக்கணும். மேல பேய்க்காத்து. அது ஒருபக்கம் இருக்கட்டும். பாலியஸ்டர், அக்ரிலிக்னு எதையாவது மாட்டிக்கிட்டு வந்துராத. பொறி பட்டா உருகி தோலோட ஒட்டிக்கும். போன வருஷம் ஒருத்தனுக்கு ஆஸ்பத்திரியில வச்சு உரிச்சு எடுத்தாங்க. அதுலேருந்து வேன்ல ஏத்துறதுக்கு முன்னாடியே மூக்கு எல்லாரையும் சோதிக்கிறாரு. என் பேரைக் கெடுத்துராத."

மூக்கு என்பது அங்கே சூப்பர்வைசருக்கு ஆட்கள் வைத்த பெயர். புது ஆளின் ஸ்வெட்டரிலிருந்து ஒரு நூலை உருவி, லைட்டரில் காட்டி, மோந்து பார்ப்பாராம். முடி கருகுகிற நாற்றம் வந்து, நூல் பொடியாக உதிர்ந்தால் கம்பளி, வேனில் ஏறலாம். உருகி மணியாகத் திரண்டால் வீட்டுக்குப் போகலாம்.

"இதப் பாருடா!" அக்கா ஒன்றை உருவி எடுத்தாள். கரும்பச்சை. தோளிலும் முழங்கையிலும் துணி ஒட்டு வைத்து, பட்டாளத்துக்காரன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற மாதிரி இருந்தது. தடவினால் பூனைக்குட்டி. "இதுதான். பாரு, எவ்வளவு மெத்துனு இருக்கு."

நான் லைட்டரை எடுத்தேன்.

"தம்பி, கடைக்குள்ள நெருப்பா?" கடைக்காரர் பெட்டியை விட்டு எழுந்தார். "சுத்தியும் துணி."

"கம்பளி பத்திக்காதுன்னுதானே சொன்னீங்க?"

"நான் எப்ப கம்பளின்னு சொன்னேன்? சூடா இருக்கும்னுதான் சொன்னேன்."

வாசலில் வைத்து ஒரு நூலைக் கொளுத்தினேன். சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பு மணியாகத் திரண்டது. ஆறியபின் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

"இது பட்டாளத்துல எவன் போட்டது?" என்று கேட்டாள் அக்கா.

"பட்டாளம் மாதிரின்னு வச்சுக்கோங்களேன்," என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெருப்பு கிட்ட வேலையா? அத மொதல்லயே சொல்ல வேண்டாமா?" என்று உள்ளே போய் வேறொரு மூட்டையை அவிழ்த்தார்.

அந்த மூட்டையிலிருந்து வந்த பூச்சி உருண்டை வாடையில் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இவை எதற்கும் அழகு கிடையாது. ஒட்டு இல்லை, பட்டை இல்லை. முரட்டுப் பின்னல், இறுக்கமான மணிக்கட்டு, தொட்டால் கையைக் கடிக்கிற நூல். ஒன்றைக் கொளுத்தினேன். சலூன் தரையைக் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டது போல் நாறியது. எனக்கு அந்த நாற்றம் பிடித்துப்போனது.

"சட்டை மேலயே போட்டுப் பாருங்க. கைய மேல தூக்குங்க. இன்னும். வயிறு தெரியுதா? தெரிஞ்சா அது உங்களுக்கு இல்ல. காத்து அங்கதான் முதல்ல வரும்," என்றார் கடைக்காரர்.

முதல் இரண்டில் வயிறு தெரிந்தது. இன்னொன்றில் நானும் அக்காவும் சேர்ந்தே நுழையலாம். கடைசியில் ஒன்று சரியாக வந்தது. கழுத்து மூடி, இடுப்பு இறங்கி, கையைத் தூக்கினாலும் கூடவே ஏறாமல் உடம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆனால் இடது விலாவுக்கு மேலே மூன்று விரல் நுழைகிற ஓட்டை.

"ஐயோ, செத்தவன் சட்டையா இருக்கப்போகுது," என்றாள் அக்கா.

"செத்தவன் சட்டைன்னா ஓட்டை இந்தப் பக்கமும் இருக்கும், அந்தப் பக்கமும் இருக்கும்மா. இது பூச்சி தின்னது. ஒட்டு போட்டுக்கலாம்." கை கிழிந்து தொங்கிய இன்னொரு பச்சை ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார். "இதையும் சேத்துக்கோங்க. சும்மா பேருக்கு ஏதாவது குடுங்க. இதுல நூல் உருவித்தான் அதுக்கு ஒட்டு போடணும். வேற நூல் வேண்டாம்."

அக்கா என் காதருகில் வந்தாள். "கிழிஞ்சத நம்ம தலையில கட்டப் பாக்குறான். பேசாம வா."

ஓட்டை ஸ்வெட்டரை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்தேன்.

அன்று சாயங்காலமே எனக்குக் கண் சொருகியது. சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்கவில்லை. எத்தனையோ மாதமாக ஏமாற்றிக்கொண்டிருந்த தூக்கம், பையில் சரியான ஸ்வெட்டர் இருக்கிறது என்ற தைரியத்தில் வந்து விழுந்தது. கால் நடக்கவில்லை. கீழ் வீட்டுக்காரியும் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

இருட்டு விலகுவதற்குள் அக்கா தட்டி எழுப்பினாள். கண் சிவந்திருந்தது. ஸ்வெட்டரை என் மேல் எறிந்தாள்.

"எங்க ஓட்டை, கண்டுபிடி பாப்போம்."

விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெரியவில்லை. பின்னலோடு பின்னலாக இழை கோத்து எடுத்திருந்தாள். நிறமும் அதே பச்சை.

"ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு இத்துப்போயிருந்துச்சு. வெட்டி எடுத்துட்டுப் பின்னினேன். எந்தம்பி ஓட்டை ஸ்வெட்டரோட போய் நின்னா உங்கத்தானுக்குத்தான் அசிங்கம்," என்றாள். வாயை மூடாமல் கொட்டாவி விட்டாள்.

ஓட்டமும் நடையுமாக வேன் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். புதிதாகச் சேருகிறவர்கள் வேலி ஓரமாக வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒருவர் கையில் லைட்டர், சிறு கத்தரிக்கோல். மூக்கு அப்படியொன்றும் பெரிதாக இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எனக்கு முன்னால் நின்றவன் தடிமனான, புசுபுசுவென்ற ஜாக்கெட் போட்டிருந்தான். மூக்கு அதில் ஒரு இழையை நறுக்கிக் காட்டினார். உருகிச் சொட்டியது.

"சார், இது ரொம்ப விலை சார்."

"அப்படின்னா பத்திரமா வீட்ல மாட்டி வை."

"கழட்டி வச்சுட்டு வரேன் சார். குளிர் தாங்குவேன்."

"நீ தாங்குவ. கை நடுங்கும்ல? போப்பா. குளிர் போனதும் வா."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு வேலியோடு போனான். நான் நிம்மதியாக நின்றிருக்க வேண்டும். நிற்க முடியவில்லை. குதிகால் தானாக எழும்பி எழும்பி இறங்கியது. ஸ்வெட்டர் கழுத்தைக் கடித்தது, தோளைக் கடித்தது, முதுகில் சட்டையைத் தாண்டிக் குத்தியது. சொறிந்துகொண்டே இருந்தேன். கை ஒவ்வொரு இடமாகப் போய் இடது விலாவுக்கு வந்தது. அங்கே மட்டும் கடிக்கவில்லை. தடவினேன். மெத்தென்றிருந்தது. பூனைக்குட்டி.

வீட்டில் மெத்தென்ற பச்சை நூல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அக்கா மகளுக்குப் போன வருஷம் பின்னிய ஸ்வெட்டரின் மிச்ச உருண்டை. சோபாவுக்கு அடியில், என் தலைமாட்டில்தான் கிடந்தது.

"அடுத்த ஆளு."

மூக்கு என்னைச் சுற்றி வந்தார். கையைத் தூக்கச் சொன்னார். துணியை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். "நல்ல சரக்கு," என்றார். விரல் விலாவுக்கு வந்து நின்றது. "ஒட்டு யாரு போட்டது?"

"அக்கா."

"கைவேலை பிரமாதம்." அதே இடத்தில் ஒரு இழையை நறுக்கினார்.

அது எரிவதை நான் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மோந்துகூடப் பார்க்கவில்லை.

"ஓரமா போ."

"சார், மீதியெல்லாம் கம்பளி சார்."

"பொறி வந்து மீதி எதுன்னு கேட்டுட்டு விழுமா? போப்பா."

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். எனக்குப் பின்னால் நின்றவன் ஒரு அடி முன்னால் வந்து என் இடத்தில் நின்றுகொண்டான். வேலிக்கு அந்தப் பக்கம் ஜாக்கெட்காரன் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தான். நடந்தால் அவனை எட்டிப் பிடித்துவிடலாம். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வீடு போய்ச் சேரலாம்.

ஸ்வெட்டரைத் தலைக்கு மேலே உருவிக் கழற்றினேன். ஒட்டைப் பல்லால் கடித்து இழுத்தேன். வரவில்லை. அக்கா ஒவ்வொரு இழையையும் முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தாள். முடிச்சு முடிச்சாகக் கடித்துத் துப்பினேன். பச்சைப் பஞ்சு நாக்கில் ஒட்டியது. வரிசையில் எவனோ, "டிபன் சாப்பிடாம வந்துட்டான் போல," என்றான். சிரித்தார்கள். இழுக்க இழுக்க நூல் சரசரவென்று வந்தது. எல்லாம் வந்தபின் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை நின்றது. வாங்கும்போது இருந்ததைவிடப் பெரிது.

மூக்கு அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பு முழுக்க விரலை ஓட்டினார். எங்கோ ஒளிந்திருந்த ஒரு துணுக்கை நகத்தால் கிள்ளி எறிந்தார். பிறகு ஓட்டையின் ஓரத்திலேயே ஒரு நூலை நறுக்கிக் கொளுத்தினார். சலூன் நாற்றம் அடித்தது.

"ஓட்டையில காத்து வருமே?"

"வரட்டும் சார்."

"ஓட்டை உம்பாடு. உருகுனாத்தான் எம்பாடு. ஏறு."

மலைமேல் காற்றுக்குக் கண் இருந்தது. உடம்பு முழுக்க விட்டுவிட்டு அந்த உள்ளங்கை அகலத்தைத் தேடி வந்து நுழைந்தது. உடம்பில் மற்ற இடமெல்லாம் சூடாக இருந்ததால் அங்கே இன்னும் குளிர்ந்தது. அத்தான் முகமூடியை இறக்குவதற்கு முன் ஓட்டையைப் பார்த்தார்.

"என்ன மச்சான் இது, ஜன்னல் வச்சு வாங்கியிருக்க?"

சொன்னேன். அவர் முகமூடியை இறக்கினார். "ஆடாம பிடி."

பிடித்தேன். கால் நடக்கச் சொன்னது. விலா நடுங்கச் சொன்னது. குழாய் கொஞ்சம் அசைந்தது. அத்தான் நிறுத்தி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, மறுபடி தொடங்கினார். பொறி பக்கவாட்டில் பறந்து என் ஸ்வெட்டர் கையில் விழுந்து, சிறு கறுப்புப் புள்ளியாகி அணைந்தது. முடி கருகுகிற நாற்றம் வந்தது. அதன்பின் குழாய் அசையவில்லை.

மதியம் அக்கா கூப்பிட்டாள். "ஒட்டு தாங்குதா?"

"பிச்சு எறிஞ்சுட்டேன்."

காற்று ஃபோனில் இரைந்தது. நூல் உருகியதையும் மூக்கு சொன்னதையும் சொன்னேன்.

"நூல எங்க போட்ட?"

"வேலிகிட்ட."

"எருமை. பாப்பாவுக்குக் குல்லா பின்ன வச்சிருந்த நூலுடா அது." மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா, சளியா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. "ஓட்டை எவ்வளவு பெருசு?"

"உள்ளங்கை."

"உன் கையா, என் கையா?"

"என் கை."

"அந்தக் கிழிஞ்ச ஸ்வெட்டர எவனாவது வாங்கிட்டுப் போயிருப்பானா?"

"அத எவன் வாங்குவான்?"

"அப்ப ஃபோன வை. கடைக்குப் போகணும்," என்றாள். வைப்பதற்கு முன் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது.