நின்றுபோன கடிகாரத்தின் எடை

டெல்மர் ஜங்ஷனில், பந்தெலிஸ் வர்தாக்கிஸின் பைக்கடிகாரம் அடுக்களைத் தரையை உடைத்துக்கொண்டு நிலவறைக்குள் விழுந்த காலையில் அந்த வீட்டில் இருந்தவர்கள்: அவர் மனைவி அர்கிரோ, அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற சரக்கு ரயில் கார்டு கோஸ்மாஸ், ஈஸ்ட் இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு மிஸ்ஸஸ் செர்னே, வாசலில் பிரஷ் விற்க வந்து நின்ற ஒரு வியாபாரி. வியாபாரி பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார், அதை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை. மற்றவர்கள் ஓட்டையின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தார்கள். அர்கிரோ மட்டும் பொங்கிக்கொண்டிருந்த காபியை முதலில் இறக்கி வைத்தாள்.

பந்தெலிஸை அந்த வருடம், 1954 மார்ச்சில், நாடு கடத்தியிருந்தார்கள். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் பிறந்தவர். மீசை முளைக்கும் முன்பே அமெரிக்காவின் யூட்டாவுக்கு வந்து தண்டவாளம் போட்டு, பிரேக் பிடித்து, கடைசியில் கார்டு ஆனவர். தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு யார் யார் வந்தார்கள் என்று விசாரணையில் கேட்டபோது, தன் பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கப்பல் ஏற்றுவதற்கு முன் ஓர் அதிகாரி அவருடைய கடிகாரத்தைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தான். அது அங்கேயே ஓடாமல் நின்றது. சில வாரங்கள் கழித்துப் பழுப்பு உறையில் வீடு வந்து சேர்ந்தது. கார்டாக இருப்பவன் நொடி பிசகாத பைக்கடிகாரம் ஒன்றைத் தன் சம்பளத்திலேயே வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பது ரயில் கம்பெனியின் விதி. பந்தெலிஸ் வாங்கியபோதே அது பழைய கடிகாரம். அதைச் செய்த தொழிற்சாலை மூடிப்போயிருந்தது. உறை வந்த அன்று அர்கிரோ அதை இரண்டு விரலால் தூக்கி அடுக்களை மேசையின் இழுப்பறைக்குள் வைத்தாள். ஈஸ்டர் வந்தபோது இழுப்பறை திறக்க மறுத்தது. கோடையில் மேசையின் கால் ஒன்று பலகைக்குள் இறங்கியது. திராட்சை வருகிற மாதத்தில் தரையே போனது.

அதே வாரத்தில் கிரீட்டிலிருந்து பந்தெலிஸின் அக்கா கலியோப்பியின் கடிதம் வந்தது. தம்பி வந்ததிலிருந்து அவன் செருப்பு தேயவில்லை, பிறகு பாதம் தரையில் படவில்லை, இப்போது ஆடு கட்டும் கயிற்றால் கட்டில் காலில் கட்டி வைத்திருக்கிறோம், சாப்பாட்டை நீட்டத் துடைப்பக் கட்டை வேண்டியிருக்கிறது, ஒழுகிக்கொண்டிருந்த கூரையை மட்டும் அவனே மேலே மிதந்தபடி அடைத்துக் கொடுத்துவிட்டான் என்று எழுதியிருந்தாள். கோஸ்மாஸ் அதைச் சத்தமாகப் படித்து முடித்துவிட்டு, கடிதத்தையும் தரையிலிருந்த ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கும்பாரா,” என்றார், மாப்பிள்ளைத் தோழன் மணப்பெண்ணைக் கூப்பிடும் கிரேக்க முறையில். “என்ன கூத்து இது?”

“கூத்து என்ன கூத்து. ஆளை நாடு கடத்துனாங்க. எடையைக் கடத்த மறந்துட்டாங்க.”

அவளே கிளம்பிப் போகலாம் என்றால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. கணவனைக் கண்டித்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் தருவதாகச் சொன்னார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். கடிகாரம் நிலவறை மண்ணில் மெல்ல இறங்கிக்கொண்டே போனது. இரண்டு வருடத்தில், வீட்டுக்குப் பின்னால் ஓடிய முதன்மைத் தண்டவாளம் அவள் அடுக்களையை நோக்கிச் சாயத் தொடங்கியது. நிலக்கரி வண்டிகள் அந்த இடத்தில் ஒருபக்கம் சாய்ந்து தலைவணங்கிப் போயின. கம்பெனிப் பொறியாளர்கள் வந்து அளந்தார்கள். கடிகாரத்தைத் தூக்க முடியாது என்பதால் நிலவறையைச் சிமெண்டால் நிரப்புவது என்று முடிவு செய்தார்கள். சிமெண்ட் லாரி வந்த நாளில் அர்கிரோ நிலவறைப் படியின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“ஊத்துங்க. என் மேலயே ஊத்துங்க. காஞ்சதும் சிலைக்குக் கீழ பேரை மட்டும் தப்பில்லாம எழுதுங்க.”

லாரிக்காரர்கள் வெளியே நின்று சிகரெட் பிடித்தார்கள். சாயங்காலம் லாரிக்குள்ளேயே சிமெண்ட் இறுகிவிட்டது. மறுநாள் ஹைரம் ஜென்சன் கருவிப் பெட்டியோடு படியிறங்கி வந்தார். கம்பெனியின் லைசென்ஸ் பெற்ற கடிகாரச் சோதகர் அவர். அந்த ஊர் ரயில்காரர்கள் எல்லாரும் மாதத்துக்கு இரண்டு தடவை தங்கள் கடிகாரத்தை அவரிடம் காட்டியாக வேண்டும்.

“மிஸ்ஸஸ் வர்தாக்கிஸ், கொஞ்சம் நகருங்க.”

“நீங்களும் ஊத்த வந்தீங்களா?”

“ரிப்பேர் பண்ண வந்தேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிடும்.”

“ரெண்டு வருஷமா கூப்பிட்டேன், காது கேக்கல. இப்ப எப்படிக் கேட்டுச்சு?”

“என் கடை அலமாரி உங்க வீட்டுப் பக்கம் சாயுது. இருக்கிற கடிகாரமெல்லாம் ஒரே மூலைல வந்து குவியுது. யாவாரம் பண்ண முடியல.”

வேலை நான்கு நாள் நடந்தது. கடிகாரத்தின் ஒவ்வொரு பாகமும் மொத்த எடையில் தன் பங்கைச் சுமந்துகொண்டிருந்தது. பின்மூடியைக் கழற்ற, கோஸ்மாஸ் ரயில் பெட்டி தூக்கும் ஜாக்கியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. கடுகளவு திருகு ஒன்று ஹைரமின் இடுக்கியை வளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போயிற்று. அதைத் தோண்டி எடுக்க ஒரு பகல் ஆனது. ஊசலாடும் சக்கரத்தைச் சங்கிலி போட்டுக் கப்பியில் தூக்கினார்கள். முறிந்திருந்தது அந்தச் சக்கரத்தின் அச்சு. எங்கேயும் வாங்க முடியாத பாகம் என்பதால் ஹைரம் தன் கடையிலேயே புதிதாகக் கடைந்து எடுத்தார். மேலே திருகும் குமிழும் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றினார். புதுப் பாகங்களில் எடை ஏறியிருக்கவில்லை, அவற்றை விரலால் எடுக்க முடிந்தது. எல்லாம் பூட்டிச் சாவி கொடுத்ததும் கடிகாரம் ஓடியது. இழுத்துக் கட்டியிருந்த சங்கிலி விர்ரென்று மேலே போய் உத்தரத்தில் அடித்தது. கிரீட்டில் அந்த நிமிடத்தில் பந்தெலிஸ் கட்டில்மேல் விழுந்தார், கட்டில் உடைந்தது. ஹைரமுக்கு லைசென்ஸ் போனது. அதைப் பற்றி அவர் வருடக்கணக்கில் புலம்பினார், யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

அதன் பிறகு அர்கிரோ தினமும் காலையில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள். கடிகாரம் ஓடுகிறவரை பந்தெலிஸ் தரையில் நடந்தார், ஆலிவ் உலுக்கினார், சண்டை போட்டார். ஒருமுறை அவளுக்குப் பித்தப்பையில் அறுவை நடந்தது. பொறுப்பேற்றுக்கொண்ட மிஸ்ஸஸ் செர்னே பேரன் பிறந்த சந்தோஷத்தில் மறந்துபோனாள். செர்னே வீட்டு மேசை இரண்டாகப் பிளந்தது. பந்தெலிஸ் தோட்டத்திலிருந்து கிளம்பிக் காற்றோடு போய் மாதா கோவில் மணிக்கூண்டில் சிக்கினார். அவரைப் படகுக் கொக்கியால் இழுத்து இறக்கியது அந்த ஊர்ப் போலீஸ் சார்ஜெண்ட். ஆபத்தான ஆள் என்று பெயர் எழுதப்பட்டவர் வாரா வாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மிதக்கிறவர் வர முடியாது என்று காரணம் சொல்லி, அன்றிலிருந்து சார்ஜெண்டே அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். கதவைத் தட்டுவதில்லை. உள்ளே வந்து, இருக்கிற சீஸைச் சாப்பிட்டு, அலமாரியைக் கிளறி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். கலியோப்பி தம்பியை மறுபடியும் கயிற்றில் கட்டினாள். எந்த நிமிடம் எழும்புவான் என்று சொல்ல முடியாதே. சார்ஜெண்ட் போகும்போது விளையாட்டாகக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போவார்.

அவர் கயிற்றைச் சுண்டுவதைப் பற்றிக் கலியோப்பி எழுதியதைப் படித்த பிறகுதான் கடிகாரத்தை அனுப்பிவிடுவது என்று அர்கிரோ தீர்மானித்தாள். அது பந்தெலிஸின் பைக்குள் இருந்தால் ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான். எடை அவரை விட்டுப் போகாது. போய்ச் சேருகிறவரை மட்டும் நிற்கக் கூடாது. நடுக்கடலில் நின்றால் கப்பல் போய்விடும். பஞ்சு சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, தபாலாபீஸுக்குக் கொண்டுபோனாள். போஸ்ட்மாஸ்டர் பெட்டியைக் காதோரம் வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

“டிக் டிக்னு சத்தம் போடுற பொட்டலத்தை நான் எடுக்க மாட்டேன்மா.”

“கடிகாரம்தான். வழில யாராவது தினம் ஒருதரம் சாவி குடுத்தா போதும்.”

“தபால் என்ன கைக்குழந்தையா, வழியெல்லாம் பால் குடுத்துக்கிட்டே போக?”

வழி சொன்னது கோஸ்மாஸ். வேலைநீக்கம் ஆனவனின் பொருளை ரயிலில் எடுத்துப் போகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஆனால் கடிகாரம் இல்லாமல் கார்டு ரயில் ஏறக் கூடாது என்று அதைவிடப் பழைய விதி ஒன்றும் இருந்தது. கோஸ்மாஸ் தன் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு, பந்தெலிஸினுடையதை இடுப்புக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கார்டு மாறும் ஊர்களில் இறங்குகிறவரும் ஏறுகிறவரும் கடிகாரத்தை எடுத்து நேரம் ஒப்பிட வேண்டும். ஒப்பிடும்போது பந்தெலிஸின் கடிகாரம் கை மாறியது. மேற்பார்வையாளர்கள் பக்கத்தில் நின்று பார்த்து, விதிப்படி எல்லாம் நடப்பதாகக் குறித்துக்கொண்டார்கள். சங்கத்துக்கு வந்தவர்களும் வராதவர்களும் அதைச் சுமந்தார்கள். பந்தெலிஸ் விசாரணையில் சொல்லாமல் விட்ட பெயர்களில் பாதிப் பேராவது இருந்திருப்பார்கள்.

நெப்ராஸ்காவில் அது ஆல்வின் ட்ரக்ஸல் என்ற வயதான கார்டிடம் வந்தது. ஒருவன் கடிகாரத்துக்கு இன்னொருவன் சாவி கொடுப்பது ரயில்காரர்களிடையே பெரிய மரியாதைக் குறைவு. அடுத்தவன் பல்துலக்கியை எடுத்துப் பல் துலக்குவது மாதிரி. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சாவி கொடுத்தார்கள். ட்ரக்ஸல் பட்டுத்துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டாரே தவிர, குமிழைத் தொடவில்லை. மிசௌரி ஆற்றுப் பாலத்தின் நடுவில் அது நின்றது. கார்டு பெட்டியின் அச்சு வளைந்தது, ரயில் நின்றது. ட்ரக்ஸல் தன் கோட்டுப் பையால் தரையோடு ஆணியடித்தாற்போலக் குப்புறக் கிடந்தார். இன்ஜின் டிரைவர் பாலத்தின் மேலேயே ஓடி வந்தார்.

“சாவி குடுய்யா கிழவா!”

“அடுத்தவன் வாட்ச்சை நான் தொட மாட்டேன். எங்கப்பா தொட்டதில்ல, நானும் தொட்டதில்ல.”

“பாலம் போகுதுய்யா! உங்கப்பாவை ஆத்துக்கடியில போய்ப் பாக்கப் போறியா?”

“வாட்ச்சுக்காரன்கிட்ட யாரு மன்னிப்புக் கேக்கறது?”

“நான் கேக்கறேன்! ஊரே கேக்கும்! திருகு!”

ட்ரக்ஸல் கையை வயிற்றுக்கடியில் நுழைத்து, முகம் பார்த்திராத ஒரு கிரேக்கனிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திருகினார். பாலம் பெருமூச்சு விட்டு எழுந்தது. ஒரு முழம் வளைவு மட்டும் நிலைத்துவிட்டது. இன்றும் ரயில்கள் அங்கே வேகம் குறைத்துத்தான் போகின்றன, காரணம் கேட்டால் பழைய பாலம் என்பார்கள். கிரீட்டில் அன்று பந்தெலிஸ் உத்தரம்வரை போய்த் திரும்பி வந்தார். கடிகாரம் கிளம்பிவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்.

நியூயார்க் துறைமுகத்தில் லெஃப்தெரிஸ் என்ற கப்பல் சமையல்காரன் அதை வாங்கிக்கொண்டான். தினமும் ரொட்டி மாவு பிசையும் முன் கை கழுவிச் சாவி கொடுத்தான். கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில் ஒரு மீன்காரியிடம் கை மாறி, கூடைக்குள் ஐஸுக்கு நடுவே தீவுக்குப் போனது. வழியில் யாரும் அதைத் திருடவில்லை. அனுப்பிவைத்த அர்கிரோ டெல்மர் ஜங்ஷனிலேயே இருந்தாள். அடுக்களை ஓட்டையை அடைக்கக் கம்பெனி ஆள் அனுப்பியபோது, அடைக்கக் கூடாது என்று சொல்லி அதன் வழியாகவே நிலவறைக்கு ஏணி போட்டுக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் அப்புறம் சந்திக்கவே இல்லை. கடிதங்களில் மட்டும் கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டார்கள்.

கடிகாரம் கைக்கு வந்த நாளில் பந்தெலிஸ் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கயிற்றை அவிழ்த்து அக்காவின் ஆட்டுக்குக் கட்டினார். இரண்டு நாள் சாவி கொடுக்காமல் விட்டுப் பார்த்தார். கடிகாரம் நின்றது, பை கனத்துத் தொங்கியது, அவர் மேலே எழும்பாமல் நின்ற இடத்திலேயே நின்றார். மறுநாள் சார்ஜெண்ட் வழக்கம்போலத் தட்டாமல் உள்ளே வந்து, முதலில் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பந்தெலிஸ் அவருக்குப் பின்னால், அடுப்பருகே, தரையில் நின்றுகொண்டிருந்தார்.

“என்னய்யா, இறங்கிட்ட போல?”

“இறங்கிட்டேன்.”

“அப்ப கையெழுத்துப் போடு. சீஸ் எங்க?”

“கையெழுத்து ஸ்டேஷன்லதான போடணும். போடறேன். நடந்து வந்து போடறேன். நீங்க முன்னாடி போங்க.”

சார்ஜெண்ட் சிரித்தார். பந்தெலிஸ் சிரிக்கவில்லை. ஒரு அடி எடுத்து வைத்தார், பலகை முனகியது. இன்னொரு அடி வைத்தார், அலமாரியிலிருந்த தட்டுகள் ஆடின. சார்ஜெண்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தானாகக் கிளம்புகிறவர் போலவே வாசலுக்குப் போனார். அவருடைய இரண்டாவது காலும் படிக்கு வெளியே வந்ததும் பந்தெலிஸ் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டினார்.