கை நனைக்காதவர்கள்

பெண் கேட்டு வருபவர்கள் பெண்ணின் வீட்டுக்குத்தான் வருவார்கள். சம்பந்தம் முடிவாகும்வரை அங்கே கை நனைக்க மாட்டார்கள், அதாவது சோறு தின்ன மாட்டார்கள். அது வழக்கம், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வாசலையாவது மிதிப்பார்கள், ஒரு வாய் தேத்தண்ணியாவது குடிப்பார்கள். யுகேஷின் அம்மா பரிமளம் எங்கள் வாசலை மிதிக்காமலே சம்பந்தம் பேச ஒரு வழி கண்டுபிடித்தார். கண்டி டவுனில் ஒரு சைனீஸ் ரெஸ்டோரன்ட்.

எங்கள் தோட்டத்துக்கு வரும் கலஹா ரோட்டில் வளைவு அதிகமாம், அவருக்குத் தலை சுற்றுமாம். வருசா வருசம் ஏப்ரலில் அதைவிட வளைவான மலை ரோட்டில் நுவரெலியாவுக்குப் போகும்போது மட்டும் அந்தத் தலை சுற்றுவதில்லை. அவர் வராததற்குக் காரணம் ரோடு இல்லை, லயம். நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில் இருப்பவர்கள், அவர்கள் டவுனில் மூன்று தலைமுறையாக ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர்கள். இது எனக்கும் தெரியும், யுகேஷுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறோம். மூன்று வருடமாக ஒருவரையொருவர் விரும்புகிறோம்.

அவர்கள் வருவார்கள் என்று அம்மா ஆறு புதுக் கோப்பைகள் வாங்கி அலுமாரியில் வைத்திருந்தார். ரெஸ்டோரன்ட் விசயத்தைச் சொன்னதும் அந்த அலுமாரியைப் பூட்டினார்.

"என் வீட்டுக்கு வராதவங்ககூட ஒக்காந்து நான் எதுக்குத் திங்கணும்? நீயும் ஒங்கப்பாவும் போய்ட்டு வாங்க" என்றார்.

எனக்கு மட்டும் அந்த இடத்தின் பெயரைக் கேட்டதும் கோபம் பாதியாகிவிட்டது. காரணம், அங்கே நூடில்ஸ் செய்வது என் அண்ணன் சுமன். கட்டாரில் ஒரு சீனச் சமையற்காரரிடம் நான்கு வருடம் மா இழுக்கப் பழகி வந்தவன். அந்தக் கடைக்குக் கூட்டம் வருவதே அவன் கைக்காகத்தான். வாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடி அறை கட்டி, அதற்குள் அவனை நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வராவிட்டால் என்ன, என் அண்ணன் நிற்கும் இடத்துக்கு வருகிறார்கள். அவன் வெளியே வந்து வணக்கம் சொல்வான், ஒரு கதிரை இழுத்துப் போட்டு எங்களோடு உட்காருவான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் நானும் பேராதனைக்கு வந்து பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அப்பாவின் பெயர் செல்லப்பா. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் வேலை செய்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை பஸ் நெரிசலில் கசங்கிவிட்டதே என்று வழியெல்லாம் நீவிக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்ததும் நான் கண்ணாடி அறையைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். வெள்ளைத் தொப்பி, மாஸ்க், முழங்கைவரை மா. சுமன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

பரிமளமும் யுகேஷும் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பரிமளம் எங்களை "வாங்க" என்றார், எழும்பவில்லை. அவர் கண் முழுவதும் கண்ணாடி அறையில் இருந்தது. அங்கே சுமன் மாவை இரண்டு கையாலும் இழுத்து, மடித்து, பலகையில் அடித்து, மறுபடி இழுத்தான். ஒன்று இரண்டாகி, நான்காகி, கடைசியில் நூல்கண்டு மாதிரி அவன் விரல்களில் தொங்கியது.

"பாருங்களேன், என்ன சுத்தமா செய்றான்! சைனாக்காரன்கிட்டயே படிச்ச ஆளாம், பேஸ்புக்ல பார்த்தேன். அதுதான் இங்கயே வருவோம்னு சொன்னேன்" என்றார் பரிமளம். பிறகு அப்பாவிடம் கேட்டார். "மகன் வரலீங்களா?"

அப்பா மேசையைப் பார்த்தபடி, "லீவு கெடைக்கலங்கம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்தடி தூரத்தில் பெற்ற மகன் நிற்கிறான்! நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மேசைக்கடியில் என் காலைத் தன் காலால் அழுத்தினார்.

"எங்க வேலை செய்றாரு?"

"ஹோட்டல் ஒண்ணுலங்க."

"ஹோட்டல்லயா?" என்று இழுத்தார் பரிமளம். "பரவால்ல. கல்யாணத்துக்கு முன்னால நம்ம கடையிலயே ஒரு எடம் குடுத்துரலாம். சீமெந்து மூட்டை எறக்க ஆள் இல்லாம கஷ்டப்படுறோம்."

இதை அவர் ஒரு தயவாகச் சொன்னார், அதுதான் என் வயிற்றெரிச்சல். யுகேஷ் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

கோழிச் சூப்பில் நூடில்ஸ் நான்கு கிண்ணம் வந்தது. அப்பாவுக்குக் குச்சி பிடிபடவில்லை. இரண்டு தரம் தூக்கினார், இரண்டு தரமும் வழுக்கி விழுந்தது.

"கரண்டி கேளுங்க, கூச்சப்படாதீங்க. தோட்டத்துல இதெல்லாம் எங்க பழக்கம்?" என்று பரிமளம் சிரித்தார். அப்பா குச்சியை வைத்துவிட்டு ஆவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பரிமளம் முள்ளுக்கரண்டியால் சுருட்டிச் சுருட்டி ஒரு கிண்ணத்தை முடித்து, இன்னொன்று கொண்டுவரச் சொன்னார்.

"எனக்கு வெளியில சாப்பிடவே அருவருப்புங்க. யார் கையோ, எந்தக் கையோ! இது அப்படியில்ல, கண்ணுக்கு முன்னால செய்றான்" என்றவர், சாப்பிட்டுக்கொண்டே விசயத்துக்கு வந்தார். கல்யாணம் கண்டியில்தான். எங்கள் பக்கம் ஐம்பது பேருக்கு மேல் வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு நான் அடிக்கடி தோட்டத்துக்குப் போக முடியாது, பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பேசுவார்கள். ஒவ்வொன்றுக்கும் யுகேஷ் தலையாட்டினான்.

நான் கை கழுவ எழுந்தேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்தான் கண்ணாடி அறையின் கதவு. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"ஏண்ணே, என்னைப் பார்க்கமாட்டேங்கிற?"

"போ கஜா. அவங்க பார்க்கப் போறாங்க."

"பார்த்தா என்ன?"

சுமன் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "யுகேஷ் மச்சான்தான் போன் பண்ணாரு. அவங்க அம்மா முன்னால தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, முடிஞ்சா லீவு போட்டுருங்கன்னாரு. கேட்டேன், முதலாளி விடல. சனிக்கிழமை மா இழுக்க வேற ஆளில்ல."

"அப்பாவுக்குமா சொன்னாரு?"

"நேத்தே சொல்லிட்டாரு. விடு, ஒன் காரியம் நல்லா நடக்கட்டும்."

அவன் இமையில் மா ஒட்டியிருந்தது. மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் இதே கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, "மச்சான், காரம் கொஞ்சம் கூடப் போடுங்க" என்று கேட்டு வாங்கித் தின்றவன் யுகேஷ். பரிமளத்தின் மீது இருந்த கோபம் எனக்கு அந்த நிமிடம் ஒன்றுமில்லாமல் போனது. அவர் யார், எவரோ. இவனைத்தான் நான் என் ஆள் என்று நினைத்திருந்தேன்.

மேசைக்கு வந்தேன், உட்காரவில்லை.

"யுகேஷ், அந்தக் கண்ணாடிக்குள்ள நிக்கிறவரைக் கூப்பிடுங்க."

"எவரை?"

"மச்சான்னு கூப்பிடுவீங்களே, அவரை."

அவன் முகம் வெளுத்தது. பரிமளம், "என்னடா சொல்லுது இந்தப் புள்ள?" என்றார்.

"ஒரேயொரு தடவை. ஒங்கம்மா காதுல விழுற மாதிரி கூப்பிடுங்க. அம்பது பேரோ அஞ்சு பேரோ, நான் இப்பவே கழுத்தை நீட்டுறேன்."

யுகேஷ் தன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "கஜா, ஸீன் போடாம உக்காரு. அப்புறம் பேசிக்கலாம்" என்றான்.

அவன் கூப்பிடுவான் என்று அதுவரைக்கும் நம்பினேன். இப்போது நினைத்தாலும் அந்த நம்பிக்கைதான் எனக்கு வெட்கம்.

"அண்ணே!" என்று கத்தினேன். கடை முழுவதும் திரும்பியது. "மாஸ்க்கைக் கழட்டு!"

சுமன் கையிலிருந்த மாவைப் பலகையில் வைத்தான். பிறகு மாக்கையாலேயே மாஸ்க்கைக் கீழே இழுத்தான். அப்பாவின் மூக்கு, அப்பாவின் தாடை. யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பரிமளம் அவனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் பாதியாகியிருந்த தன் இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்தார். இரண்டு விரலால் அதைத் தள்ளிவைத்தார். டிஷ்யூ எடுத்து வாயைத் துடைத்தார். இன்னொன்று எடுத்து மறுபடி துடைத்தார்.

"எங்க வாசல்ல கால் வைக்கமாட்டீங்க. எங்கண்ணன் கையால பெசைஞ்சது ஒண்ணரைக் கிண்ணம் உள்ள போயிருச்சே, அதை என்ன பண்ணப் போறீங்க? எவ்வளவு தொடைப்பீங்க?" என்று கேட்டேன்.

"யுகேஷ், எழும்பு" என்றார் பரிமளம்.

எழும்பிவிட்டான். மூன்று வருடத்தில் அவன் அவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. "நீதான் எல்லாத்தையும் கெடுத்துட்டே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மாவுக்குக் கதவைத் திறந்து பிடித்தான்.

 இன்னும் ஒருவர் பாக்கி இருந்தார். அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"நீங்களுமாப்பா? பெத்த புள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டே வரலேன்னு சொன்னீங்களே!"

அப்பா கதிரையைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கசங்கிய வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்தார். ஆறிப்போன கிண்ணத்தைக் கிட்ட இழுத்து, குச்சியைத் தள்ளிவிட்டு, கையை உள்ளே விட்டு அள்ளி வாயில் போட்டார். சூப்பு முழங்கைவரை வழிந்தது. பக்கத்து மேசையில் ஒரு பிள்ளை சிரித்தது, அதன் தாய் அதட்டினாள். அப்பா எதையும் கவனிக்காமல், கிண்ணத்தின் அடி தெரியும்வரை சாப்பிட்டார்.

பிறகு தலையை உயர்த்தி, கண்ணாடி அறையைப் பார்த்து, தொழிற்சாலை இயந்திரச் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகிய அந்தக் குரலில் கூப்பிட்டார்.

"மகன்! இன்னுங் கொஞ்சம் கொண்டா!"