ஷர்ஷேன் உஸ்தாவைத் தேடியவர்கள்

யாராவது இணையம், தேடுபொறி என்று பேச்செடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள். எனக்கும் அதற்கும் ஆகாது. ஆனால் அந்தக் கோடையில் என் தம்பி எர்மெக் வீட்டில் இருப்பதா, மாஸ்கோவுக்குப் போவதா என்பதே அதில் போய் மாட்டிக்கொண்டது. தலையைக் கொடுக்காமல் என்ன செய்வது?

எங்கள் அத்தா, அதாவது அப்பா, கியர்பாக்ஸ் பழுது பார்ப்பவர். இசிக்குல் ஏரிக்குப் போகிற பழைய சாலையில், கோக்-தாஷ் ஊருக்குள் நுழைந்ததும் வலது கைப் பக்கம் எங்கள் பட்டறை, பின்னாலேயே வீடு. பெயர்ப்பலகை கிடையாது. எதற்குப் பலகை? கணவாய் ஏறும்போது வண்டி முரண்டு பிடித்தால் ஓட்டுநர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: "ஷர்ஷேன் உஸ்தாகிட்டப் போ." எங்கள் பக்கத்தில் உஸ்தா என்று சும்மா யாரையும் கூப்பிட மாட்டார்கள், வேலை சுத்தமாக இருக்க வேண்டும்.

பிறகு புதுச் சாலை வந்தது. மலைக்குப் பின்பக்கமாக, எங்கள் ஊரை எட்டிக்கூடப் பார்க்காமல் போட்டார்கள். வண்டிகள் அந்த வழியே பறந்தன. அத்தா காலையில் கதவைத் திறப்பார், துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைப்பார், சாயந்தரம் பூட்டுவார். எர்மெக் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"மாஸ்கோல கட்டட வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம். நம்ம தெருப் பசங்க இருக்காங்க. போயிட்டு வரேன்."

அவன் மனைவி ஐஜமால் மடியில் கைக்குழந்தை. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா என்றால் போனுக்குள் தெரிகிற முகம்தான். எதிர்வீட்டுக் குழந்தை, தன் அப்பா நேரில் வந்து நின்றபோது பயந்து அழுதது. ஐஜமாலும் அதைப் பார்த்தவள்தான்.

"கோடை முடியற வரைக்கும் பொறுங்க" என்றாள் அவனிடம். "நான் ஒண்ணு செஞ்சு பார்க்கறேன். அப்புறம் உங்க இஷ்டம்."

மாவட்ட நூலகத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு இலவச வகுப்பு நடந்தது. குழந்தையை என்னிடம் தள்ளிவிட்டுப் போய்வந்தாள். நான் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள் என்றாலும் என் வாய் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது, கூடவே இந்த வேலையும் வந்து சேர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, பெண் கெட்டிக்காரி. எந்தச் செலவும் இல்லாமல் பட்டறைக்கு ஓர் இணையப் பக்கம் கட்டிவிட்டாள். அத்தாவின் கைகள், கழற்றிப் போட்ட பற்சக்கரங்கள், பின்னால் மலை என்று படங்கள். கணவாயில் சிக்னல் குறைவு என்பதால் படங்களைச் சுருக்கிப் போட்டாளாம், பக்கம் சட்டென்று திறக்குமாம். தொட்டால் நேராக அவள் போனுக்கு அழைப்பு வருகிற மாதிரி ஒரு பொத்தான். வரைபடத்தில் எங்கள் இடத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டை அலங்கரித்த மாதிரி இருந்தது.

அலங்கரித்ததுதான் மிச்சம். ஒருத்தர் வரவில்லை.

எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று காட்டுகிற கருவி ஒன்று வைத்திருந்தாள். தினமும் அதைத் திறந்து பார்ப்பாள்.

"நேத்து மூணு பேர் வந்திருக்காங்க அக்கா."

"பரவாயில்லையே! யாரு?"

"நான், நீங்க, அவரு."

வகுப்பில் சொன்னார்களாம், மக்கள் தேடுகிற வார்த்தைகளைப் பக்கத்தில் போட வேண்டும் என்று. 'தரமான சேவை' போட்டாள். 'நம்பகமான கியர்பாக்ஸ் பழுது' போட்டாள். 'நியாயமான விலை'யை மூன்று இடத்தில் போட்டாள். கோடையும் முடியப் போனது. எர்மெக் பயணச்சீட்டு எடுத்துவிட்டான். வியாழக்கிழமை நகரத்துக்குப் பேருந்து, அங்கிருந்து விமானம்.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் மம்பெத் வந்து சேர்ந்தார். சிற்றுந்து ஓட்டுகிறவர், பழைய வாடிக்கைக்காரர். ஒரு லாரி அவர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து போட்டது. இறங்கியதும் இறங்காததுமாக என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா புருல், உங்கப்பா உயிரோட இருக்காரா இல்லையா?"

"உங்க வாயில புண்ணு வர! உள்ளதான் டீ குடிச்சிட்டிருக்காரு. என்ன பேச்சு இது?"

"பின்ன என்னம்மா? ஷர்ஷேன் உஸ்தானு போன்ல போட்டா ஒண்ணுமே வரலை. ஸ்டேண்டுல எல்லாரும் தேடிப் பார்த்துட்டு, சரி, மனுஷன் போய்ச் சேர்ந்துட்டாரு, பட்டறைய மூடிட்டாங்கன்னு அவரு ஆத்மாவுக்குத் துவாவே கேட்டுட்டோம். பட்டறை இன்னும் இருக்குன்னு இந்த லாரிக்காரன் சொல்லித்தான் தெரியும்."

அத்தா வாசலுக்கு வந்து, "துவா கேட்டதுக்கு ரொம்ப நன்றி, வண்டிய உள்ள தள்ளு" என்றார்.

எனக்கு எங்கேயோ இடித்தது. உள்ளே போய் ஐஜமாலின் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே படித்தேன். 'எங்கள் பெரியவரின் பட்டறை' என்று தலைப்பு. 'எங்கள் பெரியவர் முப்பது ஆண்டுகளாக' என்று ஆரம்பம். 'குடும்பத் தலைவரின் கைவண்ணம்' என்று ஒரு படத்துக்குக் கீழே. பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. வீட்டில் நாங்கள் எல்லோரும் அத்தா என்றே கூப்பிடுகிறவர்கள், அதனால் யார் கண்ணுக்கும் அது படவில்லை.

"அடி ஐஜமால்! அத்தா பேரு எங்கடி?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "என்ன அக்கா இப்படிக் கேக்கறீங்க? அத்தா பேரை நான் எப்படி..."

அட கண்றாவியே! எங்களில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்வதில்லை. செத்தாலும் சொல்ல மாட்டாள். நான்கூட என் மாமனாரை இன்றுவரை 'அந்த வீட்டு ஐயா' என்றுதான் சொல்கிறேன். ஆனால் இது?

"நீ எங்கடி சொல்றே? தட்டத்தானே போறே!"

"விரலும் என்னோடதுதானே அக்கா" என்றாள் மெல்ல.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் சேர்ந்துகொண்டது. மக்கள் தேடுபொறியில் என்னென்ன போடுகிறார்கள் என்று காட்டுகிற ஓர் இலவசக் கருவியை அவளே திறந்து, என் பக்கம் திருப்பிவிட்டு, தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். 'தரமான சேவை' என்று ஒரு ஜீவன் தேடவில்லை. 'ஷர்ஷேன் உஸ்தா எங்கே' என்று தேடியிருந்தார்கள். 'ஷர்ஷேன் கியர்பாக்ஸ் கோக்-தாஷ்' என்று தேடியிருந்தார்கள். 'ஷர்ஷேன் உஸ்தா இறந்துவிட்டாரா' என்றும் தேடியிருந்தார்கள்.

அத்தாவிடம் போய்ச் சொன்னேன். "இன்னும் இல்லைன்னு போடு" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

நான் மகள், எனக்கென்ன தடை? உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன். தலைப்பில் போட்டேன், வரைபடப் புள்ளியில் போட்டேன், படங்களுக்குக் கீழேயும் போட்டேன். முடித்துவிட்டு, "இப்ப வருவாங்களா?" என்றேன்.

"தேடுபொறி வந்து நம்ம பக்கத்தை மறுபடி படிக்கணும் அக்கா. வந்து பாருன்னு சொல்லி விட்டிருக்கேன். அது எப்ப வரும்னு அதுக்குத்தான் வெளிச்சம்."

ஞாயிறு போனது. திங்கள், செவ்வாய் போனது. புதன்கிழமை ஐஜமால் கணவனின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். ஒரு சட்டையையே திரும்பத் திரும்பப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வியாழக்கிழமை எர்மெக் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, அத்தாவிடம் ஆசி வாங்கிக்கொண்டு சாலையோரம் போய் நின்றான். வழியனுப்ப வெளியே போனால் அழுதுவிடுவாள் என்று ஐஜமால் சமையலறையிலேயே நின்றாள். அப்போது அவள் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டாள்.

காற்று இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆள் கத்தினான். நகரத்துச் சுற்றுலா நிறுவனமாம். ஏரிக்கு ஆள் ஏற்றிப்போன வேன் கணவாய் அடிவாரத்தில் நின்றுவிட்டது, இன்னொன்றும் பின்னாலேயே திணறிக்கொண்டு வருகிறது. "இந்த வருஷம் பூரா எங்க வண்டிங்களைப் பார்த்துக்க ஒரு இடம் தேடறோம். இப்பத்தான் உங்க பக்கம் கண்ல பட்டுச்சு. ஆனா போன வாரம் ஒருத்தன் நான்தான் உஸ்தாவோட சிஷ்யன்னு சொல்லி வண்டியக் கெடுத்துட்டான். அதனால கேக்கறேன், இது யாரு பட்டறை?"

"எங்க... எங்க பெரியவர் பட்டறைங்க" என்றாள் ஐஜமால்.

"எந்தப் பெரியவர்? பேரைச் சொல்லுங்கம்மா!"

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"அவனும் இப்படித்தான் முழுங்கினான். வேணாம், வைங்க."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே நான் போனைப் பிடுங்கப் பாய்ந்தேன். அத்தா டீக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றிருந்தார். கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"இரு புருல். நாளைக்கும் இந்தப் போனை எடுக்கப்போறது அவதான்." கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவளுக்கு ஆசி சொன்னார். "என் பேரு உன் வாயில நல்லாயிருக்கட்டும். ஆமீன். சொல்லும்மா."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ஷர்ஷேன்..." என்றாள், காற்று மாதிரி.

"என்ன? கேக்கலை!"

அடேயப்பா, அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து அப்படியொரு குரல் வந்ததோ! "ஷர்ஷேன்! ஷர்ஷேன் உஸ்தா!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அல்லா! உயிரோடதான் இருக்காரா?" என்றது போன். "இழுத்துட்டு வரோம், ரெண்டையும்!"

அதற்குள் வெளிக்கதவு படாரென்று திறந்தது. எர்மெக் பையோடு ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. தன் மனைவி வாயிலிருந்து அப்பாவின் பெயர் இப்படி வெளியே கேட்டால் அவன் வேறு என்ன நினைப்பான்?

"அத்தாவுக்கு என்ன? அத்தா எங்க?"

"எனக்கு என்னடா? டீதான் ஆறிப்போச்சு" என்றார் அத்தா. "ரெண்டு வண்டி வருது. வருஷம் பூரா வருமாம். போய்ச் சட்டைய மாத்து."

எர்மெக் அப்படியே கதவில் சாய்ந்து நின்றான். சாலையில் பேருந்து ஹார்ன் அடித்தது, மறுபடி அடித்தது, பிறகு கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. குழந்தையைக் கட்டிக்கொண்டு நான்தான் முதலில் அழுதேன், வெட்கமில்லாமல்.

ஐஜமால் அழவில்லை. நேராகப் போய்க் கணவனின் தோளிலிருந்த பையைக் கழற்றினாள். அதை அங்கேயே சமையலறைத் தரையில் பிரித்து, மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.