பச்சை மூடி பாட்டில்

எங்கள் நோயாளி ஒரு முட்டை. சிரிக்காதீர்கள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவர்களை நம்பி யார் நிஜ நோயாளியைக் கொடுப்பார்கள்? தண்ணீரில் உப்பும் யூரியாவும் கலந்தால் செயற்கைச் சிறுநீர் தயார். சிறுநீரகம் கெட ஆரம்பித்தால் புரதம் கசியும் என்பதால், அதில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கொஞ்சம் விட்டுவிட்டால் நோயாளியும் தயார். சாயம் தோய்த்த காகிதப் பட்டையை அதில் முக்க வேண்டும். பச்சையாகவே இருந்தால் புரதம் இல்லை, பழுப்பானால் இருக்கிறது. டாக்டரிடம் போகாமல் வீட்டிலேயே யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இந்த யோசனை கொக்குவுடையது.

கொக்கு என் ஆராய்ச்சி ஜோடி. கழுத்தும் காலும் அப்படி, அதனால் அந்தப் பெயர். பதிலுக்கு அவன் எனக்கு வைத்த பெயர் பட்டாசு. காரணம் போகப் போகத் தெரியும்.

ஒருவர் பட்டைகளை முக்கி மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். எதில் முட்டை இருக்கிறது என்று தெரியாத மற்றவர் நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்வோம். நான் சொன்னதெல்லாம் சரியாக வந்தது. கொக்கு சொன்னதில் பாதி தப்பு. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பழுப்பைப் பாத்துப் பச்சைங்கிறே!”

“சத்தியமா பாத்துதான் சொல்றேன் பட்டாசு. கத்தாதே.”

வழிகாட்டி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ரெண்டு பேர் பட்டையைப் படிக்கறதும் ஒத்துப்போகலேன்னா இது ஆராய்ச்சியே இல்லம்மா. அந்தப் பையனை விட்டுட்டு வேற ஆளைச் சேத்துக்கோ. சாயங்காலம் வந்து முடிவைச் சொல்லு.” நான் வெளியே வந்தபோது கொக்கு குழாயடியில் கண்ணாடிக் குடுவைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருக்கிறான். முகம் செத்துப்போயிருந்தது.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவன் யோசனையை வைத்துக்கொண்டு அவனையே வெளியே தள்ளுவதா? ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. முட்டையைத் தாராளமாக விட்ட பட்டைகளை அவன் தவறவிட்டதே இல்லை. அவை கன்னங்கரேலென்று ஆகிவிடும். கொஞ்சமாக விட்டவற்றில்தான் கோட்டை விட்டான். கவனக்குறைவு இவ்வளவு ஒழுங்காகவா வரும்?

“சரி, இன்னொரு தடவை பாத்துடலாம். சாயம் இருக்கிற அந்தப் பச்சை மூடி பாட்டிலை எடுடா,” என்றேன்.

அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவன் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி லேபிளைத் தேடினான். தண்ணீர் பட்டுப் பட்டு எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டிருந்தது. கடைசியில் ஒன்றை எடுத்து வந்து நீட்டினான். பழுப்பு மூடி.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன்.

அலமாரியில் இருந்த மூடிகளையெல்லாம் கழற்றி மேஜையில் கொட்டினேன். “பச்சையை ஒரு பக்கம், பழுப்பை ஒரு பக்கம் பிரிச்சு வை.”

“என்ன, எல்கேஜில சேத்துட்டியா?” என்றாலும் பிரித்தான். அடர்த்தியானவை ஒரு பக்கம், வெளிறியவை ஒரு பக்கம். இரண்டு குவியலிலும் பச்சையும் பழுப்பும் கலந்து கிடந்தன. செய்து முடித்துவிட்ட நிம்மதியோடு என்னைப் பார்த்தான்.

“டேய், இது ரெண்டும் உனக்கு ஒரே நிறமாவா தெரியுது?”

“ஆமா. ஏன், இல்லையா?”

அவன் முகத்தில் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகம் இருந்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். “அம்மா, சின்ன வயசுல நான் நிறமெல்லாம் மாத்தி மாத்திச் சொல்வேனா?”

“ஐயோ, அதை ஏன் கேக்கறே!” அவன் அம்மா சிரித்தார். “அப்படியே உன் மாமன் மாதிரி. என் தம்பி தக்காளி வாங்கப் போனா பாதி காயா அள்ளிட்டு வந்து நிப்பான். பொறுப்பே இல்லைன்னு தாத்தா அவனைப் போடாத திட்டில்லை.” சிரிப்பு சட்டென்று நின்றது. “ஏன்டா, அப்போ அவனுக்கு நிஜமாவே தெரியலையா?”

கொக்கு மூடிக் குவியல்கள் இரண்டையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்தான்.

சாயங்காலம் இருவருமே மேடம் அறைக்குப் போனோம். மூடிகளையும் பட்டைகளையும் கொண்டுபோய் மேஜையில் வைத்துக் காட்டினேன். மேடம் கெட்டவர் இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்: “பாவம்தான். ஆனா நிறம் தெரியாதவனை நிறம் பாக்கற வேலையில எப்படிம்மா வச்சுக்கறது?”

நான் வெடிக்கப் போனேன். கொக்கு முந்திக்கொண்டான்.

“மேடம், எங்க மாமா தனியா இருக்கார். நாளைக்கு இந்தப் பட்டையை அவர் வீட்டுல முக்கிப் பாத்தார்னு வைங்க. பழுப்பா மாறியிருக்கும். அவர் பச்சைன்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியா தூங்கப் போயிடுவார். என்னை வெளிய அனுப்பிட்டா நம்ம கணக்கு சரியா வந்துடும். ஆனா அவருக்கு யார் சொல்லுவாங்க?”

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. மேஜையில் இருந்த பட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாயத்தை மாத்துங்க,” என்றார். “புதுசா எந்தப் பட்டை செஞ்சாலும் முதல்ல இவன் படிக்கணும். அப்புறம்தான் நீ.”

அதற்கப்புறம் நாங்கள் உடைத்த முட்டைகளுக்குக் கணக்கே இல்லை. ஒரு சாயம் கரைந்து ஓடியது, இன்னொன்று மாறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில் வெளிர் மஞ்சளிலிருந்து கரும் நீலத்துக்குப் போகிற ஒன்று வாய்த்தது. வெள்ளைக்கருவைச் சொட்டுப் போலத்தான் விட்டு, பட்டைகளை முக்கி வைத்துவிட்டுத் திரும்பி நின்றேன்.

“இல்ல. இருக்கு. இருக்கு. இல்ல. இருக்கு.”

தடுமாறவே இல்லை. பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கவும் இல்லை. ஒன்றுகூடத் தப்பில்லை! நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஆய்வகத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கொக்கு மட்டும் சத்தம் போடாமல் பழைய பட்டைகள் இரண்டை எடுத்து என் முன்னால் வைத்தான். “இதுல நீ என்னதான் பாத்தே? சொல்லேன்.”

“இது பச்சை. இது பழுப்பு.”

“அது பேரு. எப்படி இருக்கும்?”

“இலை மாதிரி... இது, காஞ்ச இலை மாதிரி.”

“எனக்கு ரெண்டு இலையும் ஒண்ணுதானே.”

யோசித்தேன். மறுபடி யோசித்தேன். ஊரையே வாயால் அளக்கிற எனக்கு ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

“பட்டாசு நமுத்துப் போச்சு டோய்!” என்று சிரித்துவிட்டு அவன் அடுத்த முட்டையை உடைத்தான்.