ஒன்பதாவது நாற்காலி

மார்லிஸ் ஹேகன் நான்காவது முறையாகத் தாழ்வாரத்தின் கோடிவரை போய்த் திரும்பினாள். கதவுக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர் அவளுடைய ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கதவில் மேல்பாதி கண்ணாடி. உள்ளே இருப்பவர்களின் தலைகள் தெரிந்தன, குரல் கேட்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அவளே தனக்கு விதித்துக்கொண்டிருந்தாள். அதனால் கதவைக் கடக்கும்போதெல்லாம் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நடந்தாள். அங்கே மூன்றாம் ஆண்டு மாணவர்களின் வரைபடங்கள் ஊசி குத்தித் தொங்கின. எல்லாமே ஏதோ ஒரு நூலகம். எதிலும் கழிவறை போதாது. லேசர் வெட்டும் இயந்திரம் மரத்தட்டைக் கருக்கிய வாசனை, முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே, படிக்கட்டு வழியே ஏறி வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு லேசர் கிடையாது, ரம்பம்தான். கருகல் என்னவோ அதே கருகல்.

கட்டிடக்கலை, நகரமைப்புக் கல்லூரியின் பழைய மாணவர் குழு வருடத்துக்கு இரண்டு முறை கூடும். அக்டோபர் கூட்டத்தில் ஒரே ஒரு முடிவுதான் முக்கியம்: வரும் மார்ச்சில் 'நகர வாரம்' எந்த ஊருக்கு. அறுபது மாணவர்கள், பழைய மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர், இரண்டு பஸ். ஒரு வாரம் ஊர்ச் சர்ச்சின் கூடத்தில் படுத்து எழுந்து, ஊர்க்காரர்களை உட்காரவைத்துப் பேசி, ஊரின் அடுத்த இருபது வருடத்தை வரைந்து கொடுப்பார்கள். அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனால்தான் மாநில அரசு உதவி மனுவை மேலே நகர்த்தும். வரைபடம் இல்லாத மனுவை யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது மார்லிஸுக்குத் தெரியும். அவள் ஒகையோ ஆற்றங்கரையில் சாரிட்டி லேண்டிங் என்ற ஊரின் நகரமைப்பு அதிகாரி. ஆறு வருடத்தில் மூன்று வெள்ளம் கண்ட ஊர். கடைத்தெருவையே தூக்கி மேட்டில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் அவள் எழுதிக்கொடுத்த திட்டம். போன வருடம் நகர வாரம் ஒரே ஒரு ஓட்டில் கைநழுவிப் போயிற்று. இந்த வருடமும் போனால், மீதியிருக்கும் நூற்று நாற்பது வீடுகளில் பாதிப் பேர் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

போட்டி ஊர் மில்பர்ன். வடக்கே, ரயில் நின்றுபோன ஊர். அங்கே வெள்ளம் இல்லை, வேலை இல்லை.

தன் ஊர் விஷயம் என்பதால், விவாதம் ஆரம்பித்ததும் அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அவளுடைய ஊரின் நகரமைப்புக் கமிஷனில் அதுதான் வழக்கம். சம்பந்தப்பட்டவர் ஓட்டுப் போடாமல் இருந்தால் மட்டும் போதாது, அறையிலேயே இருக்கக் கூடாது. முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் மனசாட்சிப்படி கை தூக்க முடியாது. பன்னிரண்டு வருடமாக எத்தனையோ பேரை அவளே வெளியே அனுப்பியிருக்கிறாள்.

கோட்டுப் பையில் போன் இருந்தது. அதில் காலை ஏழு மணிக்கு மேயர் பாபி ஸ்ட்ரவுட் அனுப்பிய இரண்டு வரி. 'ராத்திரி ஸ்கூல் போர்டு ஓட்டுப் போட்டுட்டாங்க. ஜூனோட ஸ்கூலை மூடுறாங்க. நம்மகூட ஒரு வார்த்தை பேசல.'

அதை அவள் மறுபடி எடுத்துப் படிக்கவில்லை. படிக்க வேண்டியதும் இல்லை. எழுந்து வெளியே வந்த அந்த நிமிடம் ஒரு நிம்மதி வந்ததே, அதுதான் அவளை நிற்கவிடாமல் நடக்க வைத்துக்கொண்டிருந்தது. பேச உரிமை இல்லாதவளிடம் யாரும் எதையும் கேட்க முடியாது.

கதவு திறந்தது. முதலில் வந்தது டெனிஸ் ஓக்லி, அவளோடு ஒரே ஸ்டுடியோ வகுப்பில் படித்தவள். ஆறு விரலைக் காட்டினாள்.

"ஆறுக்கு ரெண்டு. ஜெயிச்சாச்சுடி. ஆனா இந்த மனுஷன் விட மாட்டேங்கறார்."

பின்னாலேயே குழுவின் செயலாளர் வெர்ன் குக்கெல் வந்தார். முப்பது வருடம் கட்டிட விதிமுறை சரிபார்த்து ஓய்வு பெற்றவர். இன்னும் கதவு அகலத்தைக் கண்ணால் அளந்துதான் உள்ளே நுழைவார்.

"உன்னை யாரு வெளிய போகச் சொன்னது?"

"எங்க ஊர் விஷயம், வெர்ன். விலகி இருக்கணும்ல."

"விலகுறதுன்னா ஓட்டுப் போடாம இருக்கறது. வாக்கிங் போறது இல்ல."

"எங்க கமிஷன்ல இப்படித்தான்."

"அது உங்க கமிஷன். இங்க ஊர் தேர்ந்தெடுக்கணும்னா பதினொரு பேர்ல ஒன்பது பேர் ரூமுக்குள்ள உக்காந்திருக்கணும். ஒருத்தன் பொண்ணு கல்யாணத்துல இருக்கான். இன்னொருத்தனுக்கு இன்னைக்கு கான்கிரீட் போடுற நாள். நீயும் எழுந்து போனா எட்டு. கோரம் இல்ல, குறைஞ்சபட்ச ஆள் கணக்கு. போட்ட ஓட்டு செல்லாது."

மார்லிஸ் சுவரில் சாய்ந்தாள். மாதாமாதம் கமிஷன் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத் தலையெண்ணிக்கை பார்ப்பவள் அவள். இங்கே எண்ணவில்லை.

"நான் விவாதம் ஆரம்பிக்கறப்பவே எண்ணியிருக்கணும்," என்றார் வெர்ன், குரலைத் தாழ்த்தி. "ஓட்டு எண்ணறப்பதான் ஒரு நாற்காலி காலின்னு பார்த்தேன். தப்பு என்னுதும்தான். வா, உக்காரு. வாயைத் திறக்காதே, அவ்வளவுதான்."

உள்ளே நீள மேஜை. அந்தக் கல்லூரி வழக்கப்படி மேஜை முழுக்க மஞ்சள் டிரேசிங் காகிதம் விரித்திருந்தது. இந்தக் கூட்டத்தில் யாருக்கும் கையில் பேனா இல்லாமல் பேச்சு வராது. அவள் இல்லாத நேரத்தில் காகிதத்தில் சாரிட்டி லேண்டிங் முளைத்திருந்தது. ஆறு, மேடு, மேட்டின்மேல் ஒரு பெரிய சதுரம். பள்ளிக்கூடம். சதுரத்தைச் சுற்றி யாரோ மரம் வேறு வைத்திருந்தார்கள்.

தலைவர் ரஸ்ஸல் டீட்ஸ் ஏற்கெனவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதே ஓட்டு, அதே கை. ஒரு நிமிஷ வேலை. அப்புறம் சாப்பாடு. வான்கோழி சாண்ட்விச் வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு, அதுவே பழைய மாணவர் ஆயிடும்போல."

"கை தூக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு." பேசியது இவான் பெரால்டா, குழுவில் இளையவன், முதல் சுற்றில் அவளுக்கு ஓட்டுப் போட்டவன்தான். அவளுடைய திட்டத்தின் நாலாம் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். "மொத்தத் திட்டமும் இந்த ஸ்கூலைச் சுத்தித்தான் இருக்கு. ஸ்கூல் நிலைச்சிருக்குமா? எங்க பக்கம் வருஷத்துக்கு ரெண்டு மூடுறாங்க."

"நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்கன்னு போட்டிருக்கே," என்றாள் டெனிஸ்.

"அது போன வருஷக் கணக்கு. மார்லிஸ்?"

"மார்லிஸ் பதில் சொல்லக் கூடாது," என்றார் வெர்ன்.

"அப்ப நான் சொல்றேன்," என்றாள் டெனிஸ். "நான் போய்ப் பார்த்திருக்கேன். ஏப்ரல்லதான் புதுக் கூரை போட்டாங்க. மூடப்போற ஸ்கூலுக்கு எவனாவது கூரை போடுவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அது உண்மைதான், கூரை புதுசு. மார்லிஸ் காகிதத்தின் ஓரத்தை ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் உரித்தாள். உரித்ததை மறுபடி ஒட்டினாள். சொல்லாமல் இருப்பது தப்பு இல்லை. விதியே அப்படி. இன்னும் பத்து நிமிடத்தில் பாபியைக் கூப்பிட்டு, கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். மார்ச்சில் பஸ் வரும். வந்த பிறகு தெரிந்தால் தெரியட்டும், வந்தவர்கள் திரும்பியா போய்விடுவார்கள்.

"சாரிட்டி லேண்டிங்," என்றார் ரஸ்ஸல். "கை."

டெனிஸின் கை முதலில் எழுந்தது. அந்த நம்பிக்கையான, வளையல் குலுங்கும் கை.

"இறக்குங்க," என்றாள் மார்லிஸ். "ஸ்கூலை மூடுறாங்க. ஜூன்ல. நேத்து ராத்திரி முடிவாச்சு. காலைலதான் எனக்குத் தெரிஞ்சுது."

யாரோ பேனாவை மூடினார்கள்.

"இது குறிப்புல போகாது," என்றார் வெர்ன் மெல்ல. "அவ பேசக் கூடாது."

"குறிப்புல போக வேணாம். உங்க காதுல போனாப் போதும்."

"காலைலயே தெரியும்னா," என்றான் இவான், "வெளிய போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே."

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் அவளுக்கே நன்றாக இருக்காது.

ஓட்டு மூன்றுக்கு ஐந்து. மில்பர்ன். டெனிஸ் கையை இறக்கவில்லை. வெர்ன் எண்களை எழுதி, அடியில் கோடு போட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். யாரோ காகிதத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். ஆறும் மேடும் சதுரமும் உள்ளே போயின.

படிக்கட்டில் டெனிஸ் அவளை எட்டிப் பிடித்தாள். கையில் சாண்ட்விச் பெட்டி.

"எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? கூரை, கூரைன்னு கத்தினேன். லூசு மாதிரி."

"தெரியும்."

"நீ அந்தத் தாழ்வாரத்துலயே இருந்திருக்கணும்."

"கோரம் இருந்திருக்காது."

டெனிஸ் சிரிக்கவில்லை. பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டு மேலே ஏறிப் போனாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பாபிக்குப் போன் போட்டாள். தீவன மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. மேயர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, பாபிக்குத் தீவனக் கடைதான் பிழைப்பு.

"சொல்லு. கிடைச்சுதா?"

"இல்ல."

"எத்தனை ஓட்டுல?"

"ரெண்டு. முதல்ல கிடைச்சுது. அப்புறம் நான் ஸ்கூல் விஷயத்தைச் சொன்னேன்."

மூட்டைச் சத்தம் நின்றது.

"நீ சொன்ன?"

"ஆமா."

"நான் உனக்கு அனுப்பினது உனக்கு, மார்லிஸ். அவங்களுக்கு இல்ல."

"ஸ்கூல் பக்கத்துல கடைத்தெருன்னு அறுபது பிள்ளைங்க ஒரு வாரம் வரைஞ்சிருப்பாங்க, பாபி. பூட்டப்போற ஸ்கூல் பக்கத்துல."

"வரைஞ்சா வரைஞ்சுட்டுப் போகட்டுமே. வரைஞ்ச தாள் நம்ம கைல இருந்திருக்கும்." மறுபடி ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது. "செவ்வாய்க்கிழமை கமிஷன்ல நீயே சொல்லிக்கோ. நான் சொல்ல மாட்டேன்."

"நானே சொல்றேன். வேற திட்டம் எழுதணும். ஸ்கூல் இல்லாத—"

இணைப்பு அறுந்தது.

ஊருக்கு மூன்று மணி நேரம். அவள் வண்டியைக் கிளப்பவில்லை. செவ்வாய்க்கிழமை ஏழு பேரில் ஐந்து பேர் வந்தால்தான் எதையும் பேச முடியும். விரல் விட்டு எண்ணினாள். ஹார்லன் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போய்விட்டார். கிம்பிள் தம்பதியில் ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார். பாதிரியார் வருவார். தபால் நிலையத்து லூ வருவார், இன்று நடந்தது தெரியாமல் இருந்தால். ஏழாவது இடம் ஏற்கெனவே காலி. பாபியைச் சேர்த்தும் நாலுதான் வந்தது. மடியிலிருந்த பெட்டி சரிந்து விழுந்ததை எடுக்காமல், மறுபடி கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.